நிழலில் கட்டிய ஆடு

காளிதாஸ் பூசாரி மூன்றாவது செம்பு மஞ்சள் தண்ணீரையும் ஆட்டின் முதுகில் ஊற்றிவிட்டார். ஆடு சிலுப்பவில்லை.

மலேசியாவில் லாயாங் லாயாங் ஊரின் செம்பனை மரங்களை ஒட்டியிருந்த அந்த முனியாண்டி கோயிலில் எல்லாரும் ஆட்டையே பார்த்தார்கள். தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பை ஒரு உதறு உதற வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. அது வந்தால்தான் கத்தி இறங்கும். இந்த ஆடோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடி நின்றது.

வாசுகியின் கண் ஆட்டின் மேல் இல்லை, கணவன் சுகுமாறன் மேல் இருந்தது. அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நாளைக் காலை ஜொகூர் பாருவில் அவனுக்கு இருதய ஆபரேஷன். இன்று மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பயந்துபோய் ஏற்கெனவே தேதியை மாற்றியவன் அவன். இனியும் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அவன் அம்மா ராஜம்மா இந்த ஆட்டை நேர்ந்துகொண்ட பிறகுதான் அரை மனதாகச் சம்மதித்திருந்தான்.

“இன்னொரு செம்பு ஊத்துங்க பூசாரி,” என்றாள் ராஜம்மா. குரல் கரகரத்தது.

ஊற்றினார். ஆட்டின் முன்னங்கால்கள் மடிந்தன. அப்படியே சரிந்தது.

கூட்டம் சட்டென்று பின்வாங்கியது.

“சாமி வேணாங்குது,” என்றாள் ராஜம்மா. “நாளைக்கு நீ அந்த ஆபரேஷன் மேசையில படுக்கக் கூடாதுய்யா.”

“எனக்கும் அப்படித்தான்மா படுது,” என்றான் சுகுமாறன். “ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் போட்டுடறேன்.” அவன் கை பாக்கெட்டில் போனைத் தேடியது.

அப்போதுதான் ஆடு கக்கியது. பச்சை நுரை. நுரைக்கு நடுவே பாதி மென்ற ஒரு ரோஸ் நிற இதழ்.

வாசுகி குனிந்தாள். அந்த நிறம் இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. அவள் வீட்டில்.

கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்த ரோடோடெண்ட்ரான் என்ற குளிர்ப் பிரதேசப் பூச்செடிகள். இந்த வெக்கையில் பிழைக்காது என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அவள் களிமண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு தேங்காய் மட்டைத் தூளும் மக்கிய இலையுமாய்க் குழியை நிரப்பினாள். பைப் தண்ணீரில் இலை மஞ்சளானதும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினாள். மேலே கறுப்பு வலை கட்டி வெயிலை மறைத்தாள். இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

விற்ற ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு சொன்னது இப்போது காதில் அறைந்தது. “பாத்து ரசிங்க, வாயில மட்டும் வைக்காதீங்க. ஆடு மாடு கொஞ்சம் எலை தின்னாலே படுத்துரும். இருதயம் மெதுவாயிரும்.”

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “ஜெயபாலா, நேத்து ஆட்ட எங்க கட்டுன?”

“வெயிலு கொளுத்துச்சு அண்ணி. உங்க பூச்செடிகிட்டதான் நெழலு. வலைக் கம்பியில கட்டுனேன். காலையில இருட்டுல அவுத்துட்டு வந்தேன்.”

அவள் ஆஸ்பத்திரிப் பை கட்டும் மும்முரத்தில் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதை வெளியே சொன்னால் என்ன ஆகும்? சாமிக்கு நேர்ந்த ஆட்டுக்கு விஷம் கொடுத்தவள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பழி முழுக்க அவள் தலையில். சொல்லாவிட்டால்?

சுகுமாறனின் கட்டைவிரல் போனில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க,” என்றாள். “சாமி ஒண்ணும் வேணாங்கல. ஆட்டுக்கு விஷம் ஏறியிருக்கு. என் செடியத் தின்னுருக்கு.”

“அலமாக்,” என்று அலறினான் ஜெயபாலன். “இதத்தான் கறியாக்கித் திங்க இருந்தோமா?”

ராஜம்மா மருமகளை நேராகப் பார்த்தாள். “சாமி ஆட்டயும் படுக்கப் போட்டுட்ட. எம்மவனையும் படுக்கப் போடப் பாக்கறியா?”

“சிலுப்பாத ஆட்ட நானும் நெறய பாத்திருக்கேன்மா,” என்றார் பூசாரி. “எல்லாம் பூச்செடி தின்னுச்சா?”

“மத்த ஆடு எனக்குத் தெரியாது பூசாரி. இந்த ஆடு தின்னுருக்கு.” அவள் கொழுந்தனிடம் திரும்பினாள். “ஜெயபாலா, மாட்டு டாக்டருக்குப் போன் போடு. என்னங்க, நீங்க என்கூட வாங்க. கண்ணால பாத்துட்டு அப்பறம் அனுப்புங்க அந்த மெசேஜ.”

வீடு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் சுகுமாறன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தான். ஒவ்வொரு நிற்றலுக்கும் வாசுகியின் உயிர் போய்ப் போய் வந்தது.

வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. ஆட்டின் வாய் எட்டும் உயரம் வரை மூன்று செடியும் மொட்டை. மேலே மட்டும் எதுவுமே நடக்காதது போலப் பூக்கள். மண்ணெல்லாம் குளம்புத் தடம்.

ஆடு மென்று துப்பிய இலை ஒன்றைச் சுகுமாறன் காலால் புரட்டினான்.

வாசுகியின் போன் அடித்தது. ஜெயபாலன்தான். கேட்டுவிட்டு வைத்தாள்.

“ஆடு?” என்றான் சுகுமாறன்.

“டாக்டர் வந்துட்டிருக்காராம். விஷத்த உறிஞ்ச கரி மருந்து குடுத்தா பொழைக்கலாம்னாராம்.”

“பொழைக்கலாமா, பொழைக்குமா?”

பொய் நாக்கு நுனி வரை வந்தது. “தெரியலங்க.”

“எனக்கும் பொழைக்கலாம்னுதான் சொன்னாரு அந்த இருதய டாக்டரு,” என்றான். போனை எடுத்து எழுதியதை அழித்தான். “பைய எடு. ரோட்டுல ஜாம் ஆயிரும்.”

கார்க் கதவைத் திறந்தபோது, கோயிலிலிருந்து பின்னாலேயே வந்திருந்த ராஜம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் திருநீற்றுப் பொட்டலம். வாசுகியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “எம்புள்ளைக்கு ஏதாச்சும்…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

வாசுகி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ரிவர்ஸில் கார் ஒரு குலுக்கு குலுக்கிக் கேட்டை உரசிக்கொண்டு நின்றது.

“பாத்து ஓட்டு லா,” என்றான் சுகுமாறன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. “ஆஸ்பத்திரி வரைக்குமாச்சும் உயிரோட போவோம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் மறுபடி கியரை மாற்றினாள்.