வாசலுக்கும் காருக்கும் நடுவே

எமில் ஹ்ருஸ்காவுக்குக் கோபம் வந்தால் கிரெல் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த வருஷம் குளிர் முடியும்வரை கதவுகள் சாத்தியேதான் கிடந்தன. பின்னே? நகராட்சி அவர் வாசலிலேயே கை வைத்திருந்தது.

பிட்ஸ்பர்க்கில் மேடு பள்ளம் இல்லாத தெரு கிடைப்பதே அபூர்வம். ஆற்றை ஒட்டிய கிரெல் தெரு அப்படி ஒன்று. சைக்கிள் பாதை போட அதைவிட்டால் வேறு இடமில்லை என்று நகராட்சியும் தெருக்காரர்கள் குழுவும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். பாதை வந்தால் ஒரு பக்கத்துக் கார்களெல்லாம் இடத்தைக் காலி செய்யவேண்டும். அந்தப் பக்கம் எமிலின் பக்கம்.

"பின்னாடி சந்துல நிறுத்திக்கலாம்ல?" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

"சந்து வரைக்கும் என் பொண்டாட்டிய நீ தூக்கிட்டு வர்றியா?" என்பார் எமில்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவர் மனைவி லோரெட்டாவுக்குச் சிறுநீரகம் முதலில் கைவிட்டது, பிறகு இடுப்பும் கைவிட்டது. சக்கர நாற்காலியில் வாரத்துக்கு மூன்று காலை தெருக்கடைசிக் கிளினிக்கில் டயாலிசிஸ். நடைபாதையில் மேப்பிள் மரங்களின் வேர் புடைத்துக் கல்லெல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கும். நாலு எட்டு தள்ளினாலே நாற்காலி குடைசாய்ந்துவிடும். ஆகவே எமில் வாசல்படியிலிருந்து காரின் கதவு வரைக்கும் பலகையில் ஒரு சரிவு அடித்துப் போட்டிருந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் லோரெட்டா காருக்குள் இருப்பாள். மழைத்துளி மேலே படாது, காற்றுக்கூடப் படாது. இதில் மனிதருக்கு அவ்வளவு பெருமை.

காரை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு பழைய சமையலறை நாற்காலியை அந்த இடத்தில் போட்டுவிட்டுப் போவார். அந்த ஊரில் அதுதான் வழக்கம். நாற்காலி கிடந்தால் இடம் உங்களுடையது. சட்டத்தில் இல்லைதான், இல்லாவிட்டால் என்ன? அடுத்தவர் நாற்காலியை நகர்த்தியவனுக்கு அந்தத் தெருவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

பாதை வேண்டாம் என்று எமில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். நாய் இருக்கிற வீட்டைக்கூட விடவில்லை. பாதை கேட்டவர்கள் உட்படப் பாதி பேர் பயந்து போட்டார்கள், மீதிப் பேர் லோரெட்டாவுக்காகப் போட்டார்கள். போடாத ஒரே ஆள் அடுத்த வீட்டு ஜானெல். மகளைச் சைக்கிளின் பின்னால் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறவள். பாதைக் குழுவுக்குத் தலைவியும் அவள்தான்.

"ஏம்மா ஜானெல், உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?"

"தெரியும் மிஸ்டர் ஹ்ருஸ்கா. எங்க போடக்கூடாதுன்னும் தெரியும்."

"வாயப் பாரு! உன் கை ஒடஞ்சப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீங்கதான். சூப்பு வெச்சுத் தரச் சொன்னது லோரெட்டா. நான் மறந்துடல." அவள் குரல் தணிந்தது. "ஆனா அந்தக் கை ஏன் ஒடஞ்சுது? யாரோ பாக்காம கார்க் கதவத் தொறந்தாங்க. அன்னிக்கு என் பொண்ணு பின்னால இல்ல. ஒவ்வொரு நாளும் அப்படி இருக்குமா சொல்லுங்க."

எமில் திரும்பி நடந்தார். அந்தக் குழந்தையை அவருக்கும் பிடிக்கும். ஆனால் லோரெட்டா லோரெட்டாதான்.

முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒத்திகை பார்க்கலாம் என்று நகராட்சி சொன்னது. கோடு போடும் வேலையைத் தெருக்காரர்களிடமே கொடுத்துவிட்டது. எமிலும் லோரெட்டாவும் கிளினிக்கில் இருந்த காலை நேரத்தில், ஜானெலும் இன்னும் சிலரும் கார்களை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டுத் தெரு நீளத்துக்கு வெள்ளைப் பட்டை ஒட்டினார்கள்.

திரும்பி வந்த எமில் காரை நிறுத்தி வாயைப் பிளந்தார். ஒழுங்காக நேரே வந்த கோடு, அவர் வீடு வந்ததும் வயிறு தள்ளிய மாதிரி நடுத்தெருப் பக்கம் வளைந்து, சமையலறை நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போயிருந்தது. பாதை வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த நாற்காலியைத் தொடும் துணிச்சல் வரவில்லை!

"பாத்தியாடி லோரெட்டா? எமில் ஹ்ருஸ்கா நாற்காலின்னா சும்மாவா!"

லோரெட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரித்து முடித்துத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எவ்வளவு வழவழன்னு கெடக்கு பாரேன்," என்றாள். எமில் பலகையை இழுத்துப்போடும் மும்முரத்தில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அதே தெருவிலிருந்த தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம். தவக்கால வெள்ளிக்கு இறைச்சி ஆகாது என்பதால் மீன் வறுவலும் முட்டைக்கோஸ் நூடுல்ஸும் ஒரு பக்கம், நகராட்சிப் பொறியாளர் வார்னரின் வரைபடங்கள் ஒரு பக்கம். லோரெட்டாவை எமிலே கூட்டி வந்திருந்தார். 'உன்ன நேர்ல பாத்தாத்தான் இவங்களுக்கு உறைக்கும்' என்று அவர் சொன்னதும் அவள் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வார்னர் வளைவைச் சுட்டிக்காட்டினார். "இந்த இடம் அருமையா வந்திருக்கு. யாரோட யோசனை இது?"

ஜானெல் சொன்னாள், "யோசனையெல்லாம் இல்ல சார். அங்க ஒரு நாற்காலி கெடந்துது."

"அத நகத்தி வெச்சிருக்கலாமே?"

தேவாலயத்தையே விலைக்குக் கேட்டதுபோல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"சாருக்கு எந்த ஊரு?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"க்ளீவ்லண்ட்."

"அதானே பாத்தேன்!"

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. நல்லவேளை, வார்னரும் சிரித்தார். "சரி, நாற்காலியே போட்ட திட்டமா இருந்தாலும் திட்டம் நல்லாருக்கு. இந்த வளைவ அப்படியே வெச்சிடறோம். மிஸ்டர் ஹ்ருஸ்காவோட காருக்குன்னு அந்த இடம் இருக்கட்டும். எல்லாருக்கும் சம்மதமா?"

கை தட்டினார்கள். ஜானெலும் தட்டினாள். எமில் ஜெயித்துவிட்டார். குளிர்காலம் முழுக்கச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"லோரெட்டா சார்பா நான் உங்க எல்லாருக்கும்..."

"எமில், உக்காரு."

உட்கார்ந்தார்.

"எனக்கு அந்த வளைவு வேண்டாம்," என்றாள் லோரெட்டா. மெலிந்த குரல்தான், ஆனாலும் மீன் பொரிக்கிறவர்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். "மழை, பனின்னா ஒரு வண்டி வந்து என்ன ஏத்திட்டுப் போற அளவுக்கு ஓரமா எடம் விடுங்க, போதும். எங்க காரு அங்க குடியிருக்க வேண்டாம். கோட்ட நேராவே போடுங்க."

எமில் மறுபடி எழுந்தார். "பைத்தியமா உனக்கு? நான் யாருக்காக இவ்வளவும்..."

"எனக்காகத்தான். தெரியாதா எனக்கு?" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாசலுக்கும் காருக்கும் நடுவுல இருக்கற தூரத்தக் கொறச்சுக் கொறச்சு ஒண்ணுமே இல்லாம பண்ணிட்ட. வீட்டுக்குள்ள இருக்கேன், அப்புறம் காருக்குள்ள, அப்புறம் கிளினிக்குக்குள்ள. எனக்கு அந்த நடுவுல இருக்கற தூரம்தான் வேணும் எமில். ரொட்டிக்கடை வாசன வேணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போடற சத்தம் வேணும். யாராவது என்னப் பாத்து, 'என்ன லோரெட்டா, இன்னும் சாகலியா'ன்னு கேக்கணும். கிளினிக்கு இதே தெருக் கடைசியிலதான இருக்கு. அந்தக் கோட்டுக்குள்ள என்னத் தள்ளிட்டுப் போகலாம். ஒரு கல்லு கெடையாது, ஒரு வேரு கெடையாது."

"அதுல சக்கர நாற்காலி போகலாமா?" என்று யாரோ வார்னரிடம் கேட்டார்கள்.

"போகலாம்," என்றார் வார்னர்.

"போகக்கூடாதுன்னாலும் போகும்," என்றாள் ஜானெல். "யாரு தடுக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்."

எமில் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"நீ கேக்கலியே. தெருவுல எல்லாக் கதவையும் தட்டின. உள்ள இருந்த ஒருத்திகிட்ட மட்டும் கேக்கல."

எமிலின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படி வலித்தது. அவளுக்காக ஊரையே எதிர்த்து நின்றவருக்கு, அவளைக் கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றாமல் போயிருந்தது. எல்லார் முன்னிலையிலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெட்கப்படவில்லை.

"சரி, இப்பக் கேக்கறேன். இப்ப உனக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்குப் போகணும். காரு இங்கயே நிக்கட்டும்."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவில் அவளை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தார் எமில். ரொட்டிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து, "அடடா, யாரு இது!" என்று அவள் மடியில் ஒரு சூடான ரொட்டியை வைத்தார். எதிர் மாடியிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். லோரெட்டா குரல் வந்த திசைக்கெல்லாம் கையாட்டினாள்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. ஜானெலும் குழந்தையும்தான். பழக்க தோஷம், எமில் பதறிப்போய் நாற்காலியை ஓரம் கட்டப் பார்த்தார்.

"ஒதுங்காத எமில்," என்றாள் லோரெட்டா. "மெதுவாவே போ. வீடு அதுக்குள்ள வந்துடப்போவுது."