ஊர்சுத்தி நரம்பு

அக்காவின் ஸ்கேன் படம் திரையில் விரிந்ததும் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நரம்பியல் மருத்துவராக இருபத்தெட்டு வருடங்கள் பார்த்துப் பழகிய படம்தான். மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில், இடது ஓரமாக, ரத்த ஓட்டம் அடைபட்ட இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த மிளகுக்கே அக்காவுக்குத் தலை சுற்றி, குரல் கம்மி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போயிருந்தது.

வேறொருவரின் படமாக இருந்திருந்தால் அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். இப்போதோ மனசு இருவரும் முன்பு வாழ்ந்த அந்த ஒற்றை அறைக்கு ஓடியது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அக்காவின் தையல் மிஷின்தான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. ஜன்னலோரம் மிஷின், சுவரோரம் தங்கையின் மருத்துவப் புத்தகங்கள். இரண்டாம் வருட வாய்மொழித் தேர்வில் மூளைத்தண்டைப் பற்றிக் கேட்டதற்குத் திருதிருவென்று விழித்துவிட்டு, அழுதுகொண்டே வீடு வந்தாள்.

"படிச்சதெல்லாம் மண்டையில நிக்க மாட்டேங்குதுக்கா."

"நிக்காட்டி உக்கார வெச்சுத் தைப்போம். எப்படி இருக்கும், சொல்லு."

அக்கா வெட்டுத்துணிகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே நடுமூளைக்கு நீலம். நடுவில் பாலத்துக்குச் சிவப்பு. கீழே, தண்டுவடத்தோடு சேரும் முகுளத்துக்கு மஞ்சள்.

"பாலம்னு பேரு. பாத்தா தொப்பை மாதிரியில்ல இருக்கு!" என்றாள்.

பிறகு புத்தகப் படத்தைப் பார்த்து இரண்டு பக்கமும் நூல் கோத்தாள். மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை பத்து ஜோடி.

"பத்தாவது மட்டும் ஏன் இவ்ளோ நீளம்?"

"அது முகுளத்துலேர்ந்து கெளம்பி தொண்டை, இதயம், வயிறுன்னு போய்க்கிட்டே இருக்கும்."

"சரியான ஊர்சுத்தி!"

அன்றிலிருந்து மிஷினை மிதித்துக்கொண்டே அக்கா கேள்வி கேட்பாள். "ஏழாவது எதுக்கு?" "முகத்தை அசைக்க." "ஒன்பதாவது?" "விழுங்க. ஊர்சுத்தியோட கூட்டாளி." மறுதேர்வில் தங்கை தேறினாள். வீடு மாறியபோது அந்தத் துணி மூளைத்தண்டு எங்கேயோ தொலைந்தது. தேடக்கூடத் தோன்றாத வயசு அது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். மூக்கில் குழாயோடு படுத்திருந்த அக்காவுக்கு விக்கல் வந்துகொண்டே இருந்தது.

"யாருடி இப்படி விடாம நினைக்கிறாங்க?" என்றாள் அக்கா, காற்றே குரலாக.

"யாரும் நினைக்கலைக்கா. முகுளத்துல அடி. அதான் விக்கல்."

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். "மஞ்சத் துணிதானே? அப்போ ஊர்சுத்திக்கா அடி?"

நோயாளிகள் முன் ஒருநாளும் கலங்காத தங்கை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மிவிட்டாள். "ஆமாக்கா. அவனுக்கும் கூட்டாளிக்கும்."

"சரி விடு. சுத்தப் போனவன் திரும்பி வருவான்."

வந்தான், மெதுவாக. நான்காவது நாள் விக்கல் நின்றது. விழுங்கப் பயிற்சி தருபவர் தலையை இடது பக்கம் திருப்பச் சொல்லி, கெட்டியாக்கிய தண்ணீரை அரை ஸ்பூன் கொடுத்தார். முதல் வாரம் இருமல்தான் மிச்சம். ஐந்தாம் வாரம் குழாய் வெளியே வந்தது. குரல் மட்டும் கரகரப்பாகவே தங்கிவிட்டது.

வீடு திரும்பிய அன்று, துணி கொடுத்திருந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அக்கா எடுத்து "சொல்லுங்க" என்றாள்.

"சார், டெய்லரம்மா இல்லையா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவளை முறைத்துவிட்டு, "வெளியே போயிருக்காங்கம்மா. பிளவுஸ் வெள்ளிக்கிழமை கிடைக்கும்" என்று அந்தக் கட்டைக்குரலிலேயே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.