நுரை என்னுடையது

எங்கள் கறுப்பு பியர் டின்னுக்குள் ஒரு பிளாஸ்டிக் உருண்டை கிடக்கும். அதற்குள் நைட்ரஜன். டின்னைத் திறந்ததும் அழுத்தம் விழுந்து, உருண்டையின் ஊசித்துளை வழியாக வாயு பீறிட்டு, உடனே கவிழ்த்து ஊற்றினால் பாரில் குழாயிலிருந்து பிடித்த பியர்போலத் தடித்த நுரை கட்டும். அந்தத் துளையின் சரியான அளவுக்கு எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

வாங்குகிறவர்களுக்கு அதைக் காட்டும் நாளன்று, ஸ்லைடில் என் பெயரைக் காணவில்லை. பியர் கம்பனியில் எங்கள் பிரிவின் தலைவர் மகேசன் அண்ணனின் பெயர் இருந்தது. நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லில் அவர் எங்களுக்கு அடுத்த தெருக்காரர்.

"ஏன் அண்ணா என்ர பேரைத் தூக்கினீங்கள்?"

"உங்கட நல்லதுக்குத்தான் தங்கச்சி. பியரோட நிக்கிற பிள்ளையை நாளைக்கு ஆர் வந்து பொம்பிளை கேப்பினம்?"

"பியருக்கு வேலை செய்யலாம், பேர் மட்டும் வரக்கூடாதோ?"

"கத்தாதேங்கோ. அவை வந்திட்டினம்."

கடைத்தொடர் ஒன்றுக்குக் கொள்முதல் செய்யும் கிளேர் முன்னால் அமர்ந்தார். அண்ணன் டின்னைத் திறந்து, கிளாஸைச் சரித்து, விளிம்போடு ஒட்டி, சத்தமே இல்லாமல் மெல்ல ஊற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்தநாள் விழாக்களில் கார் டிக்கிக்குப் பின்னால் நின்று, மனைவி காணாமல் கடதாசிக் கோப்பையில் ஊற்றிப் பழகிய கை அது! நுரைத்தால் பிடிபட்டுவிடுவார். இருபது வருடம் நுரையை ஒளித்த கையில் போய் என் நுரை.

சவர்க்காரத் தண்ணீர்போல ஏதோ மிதந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் கிளேர்.

"டின்னில் ஏதோ கோளாறு," என்றார் அண்ணன்.

கோளாறாம்! எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். திறந்த சீறல் அடங்குமுன் கிளாஸுக்குள் தலைகீழாகக் கவிழ்த்தேன். கருமைக்குள் வெள்ளை அலை இறங்கிச் சுழன்று, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது.

கிளேர் குனிந்து பார்த்தார். "யார் செய்தது?"

"எங்கள் குழு," என்றார் அண்ணன்.

"நான்," என்றேன். "பெயர் மட்டும்தான் அவருடையது."

அண்ணன் தமிழுக்கு மாறிப் பல்லைக் கடித்தார். "ஆக்களுக்கு முன்னால மானத்தை வாங்காதேங்கோ, நிருஜா."

"மானத்தை நீங்களே வச்சிருங்கோ அண்ணா. பேரைத் தாங்கோ."

மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அப்பாவின் பெயரையும் சேர்த்து, முழுதாக: நிருஜா விநாயகமூர்த்தி.