பொருந்தாத பிரஷ்

1.
இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஆய்வகத்தில் எலும்புகளின் டிஎன்ஏ பார்க்கும் என் சிநேகிதி, வேலை முடிந்து வந்து நாற்காலியில் சரிந்து, கொட்டாவிகளுக்கு நடுவே சொன்னது.

2.
கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'வாய்க்காலில் கிடைத்த உடலுக்கு முகம் இருக்கவில்லை, அந்த இடத்தில்...' (வேண்டாம். பயமுறுத்தி ஆள் சேர்க்கும் வயதை நான் தாண்டிவிட்டேன்.)

இரண்டாவது: அழுகிக் கிடந்த ஓர் ஆணின் தொடை எலும்பைச் சிநேகிதி பொடித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாகக் காணாத தன் கணவனாக இருக்குமோ என்று ஒரு பெண், ஒத்துப்பார்க்க அவனுடைய டூத் பிரஷ்ஷைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகளின் எச்சிலை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

"அப்பா வெளியூர்ல வேலையா இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம்."

3.
எலும்பும் பிரஷ்ஷும் ஒத்துப்போகவில்லை. சிநேகிதி உடனே போன் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இல்லம்மா."

அந்தப் பெண் சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள். (இங்கேயே நிறுத்தினால் எல்லோருக்கும் நல்லது.)

மறுநாள்தான் சிநேகிதி பிரஷ்ஷின் பரிசோதனைத் தாளில் முதல் வரியைப் பார்த்தாள். ஆணா பெண்ணா என்று சொல்லும் வரி. நேற்று சேர்ந்தவர்கள்கூட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பத்தொன்பது வருட அனுபவம் அசதியில் கோட்டைவிட்டிருந்தது. பிரஷ்ஷில் இருந்தது ஒரு பெண்ணின் டிஎன்ஏ.

4.
அந்த மனைவியை வரவழைத்துக் கேட்டாள்.

"இதை வேற யாராவது உபயோகிச்சாங்களா?"

"நான்தான் மேடம். அவர் போனதுலேர்ந்து இதுலதான் பல்லு தேய்க்கிறேன்."

"கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வெக்கமா இருந்துச்சு."

சிநேகிதிக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

"தப்பு என்னுதுதான். அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

(அடிக்குறிப்பு: அவனுடைய சுவடு துளியாவது மிஞ்சாதா என்று நானும் கேட்டேன். ஏழு மாதம் தேய்த்தால் அலசிப் போய்விடுமாம். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.)

5.
அவள் மறுத்துவிடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். அவள் வந்தாள், மகளோடு.

"ஆ காட்டு கண்ணு."

பஞ்சுக்குச்சி கன்னத்தின் உள்பக்கத்தை உரசியது. மகள் முகத்தைச் சுளித்தாள்.

"எத்தனை நாளாகும் மேடம்?"

"இருபது நாள். உங்களுக்காக முன்னாடியே முடிக்கப் பாக்குறேன்."

"வேணாம் மேடம். மெதுவாவே பண்ணுங்க."

இத்தனை வருடத்தில் யாரும் சிநேகிதியிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

6.
முடிவு சிநேகிதிக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள், நான் தடுத்துவிட்டேன். உங்களுக்கு அவசரமென்றால் எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதும் அந்தப் பெண்ணுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்ல வேண்டும். என்னால் ஆகாது.