சத்துணவில் பல்லி

அன்புக்கரசி செய்தி எழுதப் பழகியது பொம்மை சுற்றுகிற காகிதத்தைப் படித்துத்தான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த யூனிட்டில், சூளையிலிருந்து வந்து ஆறிய பீங்கான் பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் அடுக்க வேண்டும். பழைய பேப்பர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எந்தப் பத்திரிகை என்றில்லை, எந்தத் தேதி என்றில்லை, எல்லாம் கலந்து கிடக்கும். மற்ற பெண்கள் கசக்கிச் சுற்றிவிட்டு அடுத்த பொம்மைக்குப் போவார்கள். அன்புக்கரசி ஒரு பார்வை படித்துவிட்டுத்தான் சுற்றுவாள்.

பிளஸ் டூ முடித்துவிட்டு வந்தவள். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. ஆனால் ஒரே செய்தியை நான்கு பத்திரிகைகளில் படிக்கிற வாய்ப்பு எந்தக் கல்லூரியில் கிடைக்கும்? விபத்துச் செய்தி எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று அவளுக்கு மனப்பாடம். செத்துப்போனால் ‘அப்பகுதியில் பெரும் சோகம்’, பிழைத்துக்கொண்டால் ‘அப்பகுதியில் பரபரப்பு’. ராத்திரி வீட்டில் டிவி செய்தி. ஆளுங்கட்சிக்காரர் சேனலில் ஒரு தடவை, எதிர்க்கட்சிக்காரர் சேனலில் ஒரு தடவை. ஒரே கூட்டத்தை ஒருவர் கடல் என்பார், இன்னொருவர் காலி நாற்காலியைக் காட்டுவார். அதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவள் கண்டுபிடித்ததிலேயே பெரிய விஷயம் ‘கூறப்படுகிறது’ என்ற வார்த்தைதான். யார் கூறியது என்று சொல்ல வேண்டாம். நிஜமா பொய்யா என்று நிற்க வேண்டாம். காதில் விழுந்ததை எழுதி, கடைசியில் அந்த வார்த்தையை வைத்துவிட்டால் அது செய்தியாகிவிடும்.

பேருந்து நிலையத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து கிடப்பது, பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் வழிமறித்து நிற்பது என்று அவள் எழுதி அனுப்பியவற்றைக் கடலூரிலிருந்து வரும் ஒரு நாளிதழ் அப்படியே போட்டது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், விருத்தாசலத்துக்குப் பகுதி நேர நிருபர் இல்லாமல் இருந்த சமயத்தில், கடலூர் ஆபீஸில் செய்திகளைத் திருத்துகிற திருமால் அவளைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார். பொம்மை வேலையையும் அவள் விடவில்லை. எங்கே என்ன நடந்தாலும் தன்னிடம் சொல்லும்படி கூட வேலை செய்கிற பெண்களிடம் சொல்லி வைத்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சாயங்கால டீ முடிந்து எல்லோரும் உட்காரும்போது, துர்கா செல்போனை மூடிக்கொண்டே ஓடி வந்தாள். அவள் சித்தி அரசு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள்.

“அன்பு, சேத்தியாத்தோப்பு ரோட்டுல ஏதோ ஊராம். ஸ்கூலு புள்ளைங்கள வண்டி வண்டியா ஏத்தியாந்து போட்டுருக்காங்களாம். வாந்தி, மயக்கம். சித்தி சொல்லுது.”

அன்புக்கரசி கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. தாய்மார்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வார்டு கதவை மூடி வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளாகப் படுத்திருந்தது தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

“ஸ்கூல்ல சோறு தின்னுட்டு வெளையாடுனதுங்களாம். அப்பறம் ஒண்ணொண்ணா வாந்தி எடுத்து வுழுந்துடுச்சிங்க. சோத்துல என்னா கெடந்துச்சோ, யாரு கண்டா!”

அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டருக்காகக் காத்திருந்தால் நேரமாகிவிடும். மற்ற பத்திரிகைக்காரர்கள் வந்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபேக்ஸ் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே எழுதினாள். ஊர் பெயர், பள்ளி, பிள்ளைகள், பெற்றோர் கதறல் எல்லாம் தடையில்லாமல் வந்தது. உணவில் என்ன கிடந்தது என்ற இடத்தில்தான் பேனா நின்றது. அவள் படித்த காகிதங்களில் இந்த மாதிரிச் செய்தி எத்தனையோ வந்திருக்கிறது. பெரும்பாலும் பல்லிதான் விழுந்திருக்கும். அப்படியானால் இதிலும் பல்லியாகத்தான் இருக்கும். ‘மதிய உணவில் பல்லி விழுந்திருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதினாள். கீழே, ‘சமையலர் நீலாவதியின் அலட்சியமே காரணம் என்று பொதுமக்கள் குற்றம்சாட்டினர்’ என்று சேர்த்தாள். அந்தப் பெயர் மட்டும் கூட்டத்தில் யாரோ சொல்லிக் காதில் விழுந்திருந்தது.

ஃபேக்ஸ் போனதும் திருமால் கூப்பிட்டார்.

“பல்லியா? யாரும்மா பாத்தது?”

“எல்லாரும் சொல்றாங்க சார்.”

“சரி, வைக்கிறேன்.”

மறுநாள் காலையில் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. ‘சத்துணவில் பல்லி: மாணவர்கள் மயக்கம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ‘கூறப்படுகிறது’ தலைப்பில் இல்லை. அவள் கவனித்தாள், ஆனால் அது அவளை உறுத்தவில்லை. யூனிட்டில் பேப்பர் கைக்குக் கை மாறியது. “மொதப் பக்கத்துலயே வந்துட்டியேடி” என்று துர்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

திருமால் மறுபடி கூப்பிட்டார். “நல்ல ரெஸ்பான்ஸும்மா. அந்தச் சமையல்காரம்மாவ சஸ்பெண்டு பண்ணிட்டாங்க. இன்னிக்கி அந்த ஊருக்கே போயி ஃபாலோ அப் ஒண்ணு குடு. அந்தம்மா போட்டோ கெடச்சா நல்லது.”

போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் தெளிந்து எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். டியூட்டி டாக்டர் ஒரு இளைஞர். அவள் எந்தப் பத்திரிகை என்று சொன்னதும் முகம் மாறியது.

“பல்லின்னு நீங்கதான போட்டீங்க? பல்லி விழுந்ததே எனக்கு காலைல பேப்பர பாத்துதாங்க தெரியும். இந்தப் பிள்ளைங்க தின்னது காட்டாமணக்குக் கொட்டை. வாந்திலயே கெடந்துது. ஸ்கூலு வேலிப் பக்கம் காய்ச்சிக் கெடக்குதாம், வேர்க்கடலை மாதிரி இருக்குதுன்னு ஒடச்சித் தின்னிருக்குதுங்க.”

“நேத்தே சொல்லலயே சார்?”

“நேத்து நீங்க எங்கிட்ட கேக்கலயேங்க.”

அன்புக்கரசிக்குக் காது மடல் சுட்டது. வராந்தாவுக்கு வந்து திருமாலைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரி, நாளைக்கு உள்பக்கத்துல சின்னதா பண்ணிக்கலாம். நீ எதுக்கும் ஊருக்குப் போயிட்டு வந்துரு” என்றார்.

பஸ் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இறக்கிவிட்டது. வேலியோரம் காட்டாமணக்குச் செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. உடைத்துப் போட்ட கறுத்த ஓடுகள் அடியில் சிதறிக் கிடந்தன. நேற்று வந்து நின்றிருந்தால் நேற்றே கண்ணில் பட்டிருக்கும்.

மரத்தடியில் சில பிள்ளைகள் இருந்தார்கள். பல்லியை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள்.

“நான் பாத்தேங்க்கா” என்றாள் ஒருத்தி உடனே. “தலை என் தட்டுல கெடந்துச்சி.”

“வாலு என்னுதுல.”

“இவ பொய்யி சொல்றா. நான்தான் மொதல்ல பாத்தேன்.”

பேப்பரை யாரோ அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் எழுதிய பல்லியை இப்போது ஒரு பள்ளிக்கூடமே பார்த்திருந்தது.

சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். முந்தின நாள் பெற்றோர்கள் உருட்டிவிட்ட அண்டா பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. சாம்பார் வழிந்து காய்ந்த இடத்தில் ஈ மொய்த்தது. அவள்தான் நீலாவதி. சாவியை ஒப்படைக்கச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். வாங்கிக்கொள்கிறவர் இன்னும் வரவில்லை.

“பேப்பர்லேர்ந்து வரேங்க்கா” என்றாள் அன்புக்கரசி. ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்லவில்லை.

நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். “வா தாயி, நீயாச்சும் நேர்ல வந்து கேக்கணும்னு வந்தியே. நேத்து எழுதினான் பாரு ஒருத்தன், அவன் இந்தப் பக்கமே வரல. இந்தச் சமையக்கட்டு எப்பிடி இருக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. வராமயே அவனுக்குப் பல்லி எப்பிடி தெரிஞ்சிச்சி, சொல்லு?”

அன்புக்கரசி கவிழ்ந்து கிடந்த அண்டாவைப் பார்த்தாள்.

“எம் பொண்ணக் கட்டிக் குடுத்த எடத்துல பேப்பரக் கொண்டாந்து அது மாமியா முன்னாடி படிச்சிருக்காங்க. ஒங்கம்மா ஊரு புள்ளைங்களையே கொல்லப் பாத்தாளாமேன்னு. அது போனு போட்டு அழுவுது. அவனத் தெரியுமா ஒனக்கு? தெரிஞ்சா கேளு. அவங்க வூட்டுல பொம்பளைங்க யாரும் சோறாக்க மாட்டாங்களான்னு கேளு.”

பேசிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “வெயில்ல வந்துருக்க, குடி.” அன்புக்கரசி வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, “போயிட்டு வரேங்க்கா” என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதாள். யார் கேட்டபோதும் தலைவலி என்றாள்.

அடுத்த நாள் ஐந்தாம் பக்கத்தின் அடியில், சீட்டுக் கம்பெனி விளம்பரத்துக்கு மேலே ஒரு துணுக்கு வந்தது. ‘மாணவர்கள் காட்டாமணக்கு விதையைத் தின்றது மருத்துவர்கள் நடத்திய பரிசோதனையில் தெரிய வந்துள்ளது.’ பல்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீலாவதியின் பெயர் இல்லை. முன்பு போட்டது தவறு என்று போடுங்கள் சார் என்று அன்புக்கரசி கெஞ்சினாள்.

“நாமளே நம்மள தப்புன்னு போட்டா நாளைக்கு யாரும்மா பேப்பரு வாங்குவான்? எல்லாம் ஒரு வாரத்துல மறந்துருவாங்க” என்றார் திருமால்.

அவளால் மறக்க முடியவில்லை. பொம்மையைச் சுற்ற பேப்பரை எடுத்தால் ஒவ்வொரு ‘கூறப்படுகிறது’க்குப் பின்னாலும் யாரோ ஒருத்தி உருண்ட அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. படிக்காமலே சுற்ற ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் வந்த செய்தியை இன்னும் யாராவது புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துண்டு நோட்டீஸ் அடிப்பது என்று முடிவு செய்தாள். எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி வந்தது: ‘சில தினங்களுக்கு முன் வெளியான செய்தியில் தவறு நேர்ந்துவிட்டதாகத் தெரிகிறது.’ படித்துப் பார்த்தாள். இதிலும் அவள் இல்லை. தவறு தானாக நேர்ந்திருந்தது, யாருக்கோ தெரிந்திருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மறுபடியும் அடித்தாள். பழகின வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தள்ளின பிறகு மிஞ்சியது கொஞ்சம்தான்.

‘சத்துணவில் பல்லி என்ற செய்தியை எழுதியது நான். நான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சமையல்கூடத்தைப் பார்க்கவில்லை. டாக்டரைக் கேட்கவில்லை. பல்லி விழுந்ததாக என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானாக எழுதினேன். பிள்ளைகள் தின்றது காட்டாமணக்குக் கொட்டை. நீலாவதி அம்மாள் மீது எந்தத் தவறும் இல்லை.’ கீழே தன் பெயரையும் தெருவையும் எழுதினாள்.

அச்சகக்காரர் பழமலைநாதன் அதை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். “கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன், கண்ணீர் அஞ்சலி அடிக்கிறேன். இப்பிடி ஒண்ணு இதுவரைக்கும் அடிச்சதில்ல. பேரு கண்டிப்பா போடணுமாம்மா?”

“போடணுங்க.”

பள்ளிக்கூடம் இருந்த ஊரில் அவளே வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். சிலர் வாங்கி மடித்து வைத்தார்கள். டீக்கடையில் ஒருவர் நோட்டீஸைத் தூக்கிக் காட்டி, “பேப்பர்ல போட்டது பொய்யி, நீ கையில குடுக்கறது மட்டும் நெசமா? அந்தம்மா எவ்ளோ குடுத்துச்சி ஒனக்கு?” என்று கேட்டார். சிரித்தார்கள். தன் மகன் பல்லி வாலைக் கண்ணால் பார்த்தவன் என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். அன்புக்கரசி எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: “நான்தாங்க எழுதினேன். நான் பாக்கல.” சொல்லச் சொல்ல எளிதாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

நீலாவதி வாசலில் நெல் புழுங்க வைத்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு அன்புக்கரசியின் முகத்தைப் பார்த்தாள்.

“நீதானா?”

“ஆமாங்க்கா.”

“அன்னிக்கி எங் கையால தண்ணி வாங்கிக் குடிச்சியே. அப்ப சொல்றதுக்கு என்னா?”

“பயமா இருந்துச்சிக்கா. வெக்கமாவும் இருந்துச்சி.”

“எனக்கு இல்லாத வெக்கமா?” நீலாவதியின் குரல் உயரவில்லை. அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். “எம் பொண்ணு வூட்டுக்கு ஒண்ணு அனுப்பணும். இன்னும் ஒண்ணு குடு.”

அன்புக்கரசி கையிலிருந்த மிச்சத்தையெல்லாம் நீட்டினாள். நீலாவதி இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அன்புக்கரசி திரும்பினாள்.

நோட்டீஸ் எப்படியோ கடலூருக்குப் போய்விட்டது. எந்தப் பத்திரிகை என்று அதில் இல்லாவிட்டாலும் தெரியாதவர்கள் யார்? இனி செய்தி அனுப்ப வேண்டாம் என்று திருமால் சொல்லிவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. டாக்டரின் அறிக்கை போனதும் நீலாவதிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அரைப் பரீட்சை வரைக்கும் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் டிபன் பாக்ஸ் கொண்டுபோனார்கள் என்று பின்னால் தெரிந்தது. தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு அந்த அம்மாள் காத்திருந்திருப்பாள்.

அடுத்த வருஷம் விருத்தாசலத்தில் உள்ளூர்ச் செய்தி போடும் ஒரு கேபிள் டிவிக்காரர் அன்புக்கரசியைக் கூப்பிட்டார். மணிமுத்தாற்றுத் தரைப்பாலத்தில் வெள்ளம் போகிறது, நாலு வரி எழுதிக் கொடு என்றார். ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீரைப் பார்த்து, அங்கே நின்றவர்களிடம் பெயர் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் பெயரிலேயே எழுதினாள். “ஏம்மா இவ்ளோ நேரம்?” என்று அவர் சலித்துக்கொண்டார்.

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் நீலாவதியை ஒரு முறை பார்த்தாள். கூட்டம் நெருக்கியது. நீலாவதி அவளைக் கண்டுகொண்டு, மடியில் வைத்திருந்த பையை நகர்த்தி உட்கார இடம் விட்டாள். அன்புக்கரசி உட்கார்ந்தாள். இருவர் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. இறங்குகிற ஊர் வரும்வரை நீலாவதி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.