ஈரத் துண்டு

காரில் செருகியிருந்த சார்ஜர் கன்னின் கைப்பிடி தொட்டாலே சுட்டது. கஸ்தூரி தன் துண்டைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து அதன்மேல் சுற்றினாள். கன் சூடேறினால் மெஷின் தானாகவே கரண்டைக் குறைத்துவிடும். ஈரத் துணி போட்டால் கொஞ்சம் அடங்கும். வேலப்பன்சாவடி சார்ஜிங் ஸ்டேஷனுக்கு வரும் டாக்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயில் ஆளையே அவித்தது.

எண்பது சதவீதம் வரை மளமளவென்று ஏறிய சார்ஜ், அப்புறம் நொண்ட ஆரம்பித்தது.

"இன்னும் எம்மா நேரம்க்கா?" அடுத்த வண்டியோடு காத்திருந்த வேம்புலி கேட்டான். அவனும் அவளுடைய டாக்சி கம்பெனி டிரைவர்தான்.

"நான் இன்னாடா பண்றது? எம்பதுக்கு மேல பேட்டரி மெதுவாத்தான் ஏறும். நூறு வராம எடுக்கக் கூடாதுன்றான் அந்த ஸ்ரீநாத்து. லேட்டானா அதுக்கும் அவனே கத்துவான்."

முன்பெல்லாம் எண்பதே தாராளமாகக் காணும். இப்போது நூறு போட்டாலும் அம்பத்தூர் தாண்டுவதற்குள் பாதி காலி. போன வாரம் கொரட்டூர் ஏரியோரம் வண்டி நடுரோட்டில் நின்றேவிட்டது. இன்னொரு தடவை நின்றால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் ஸ்ரீநாத் சொல்லியிருந்தான். இந்த ஸ்டியரிங்கை நம்பித்தான் அவள் அம்பத்தூர் எஸ்டேட் தையல் கம்பெனியை விட்டு வந்தாள். அங்கே அவள் மெஷினில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

பைக் ஒன்று வந்து நின்றது. ஸ்ரீநாத்தான். பின்னாலிருந்து புது யூனிஃபார்மில் ஒரு நடுவயது ஆள் இறங்கினார்.

"பேட்டரிய செக் பண்ணிட்டாங்கம்மா. பாதி செத்துப்போச்சு. தினமும் ஃபாஸ்ட் சார்ஜே போட்டா, அந்தச் சூட்டுக்கு எந்த பேட்டரி தாங்கும்? ராத்திரி ஸ்லோ சார்ஜ்ல போட்டிருக்க வேணாமா?" என்றான் ஸ்ரீநாத்.

கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ராத்திரி வண்டி எங்க சார் நிக்குது? நான் எறங்குறதுக்குள்ள நைட் டிரைவர் வந்து நின்னுகினு கீறாரு. ஸ்லோவா போட டைம் குடுங்கன்னு ஒங்க கால்ல வுழாத கொறையா கேட்டேனே! வண்டி சும்மா நிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசுங்க. இனிமே பச்சையப்பன் எடுப்பாரு. சாவியக் குடுங்க."

"சொல்லேன் வேம்புலி. நீயுந்தான அன்னிக்கு நின்னுகினு இருந்த?"

வேம்புலி போனைத் தடவிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் அடுத்துப் பறிபோவது அவன் சாவி. அவள் ஸ்ரீநாத் பக்கம் திரும்பினாள்.

"நல்லா இருங்க சார்" என்று சாவியை அவன் கையில் வைத்தாள். பின்சீட்டிலிருந்து சாப்பாட்டுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தவளுக்குத் துண்டு ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள்.

"ஃபாஸ்ட் சார்ஜ்லயே ஓடட்டும்" என்று புது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தான் ஸ்ரீநாத். "நூறு வந்ததும் நூம்பல்ல ஒரு பிக்கப். சாயங்காலம் நைட் டிரைவர்கிட்ட குடுத்துடுங்க."

"கன்னு கொதிக்குது சார்."

"அந்தத் துண்டு காஞ்சிருக்கும். நனைச்சுப் போடுங்க."

பச்சையப்பன் துண்டை அவிழ்த்து எடுத்து, குழாய் எங்கே என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அந்தாண்ட கீது அண்ணாத்தே" என்று கஸ்தூரி கை காட்டினாள்.