ஐம்பத்திரண்டாம் பந்து

கனடாவில் எங்கள் க்ரீ பழங்குடி ஊரில் சர்ச்சுக்கு வராதவர்கள் உண்டு, ஓட்டுப் போடாதவர்கள் உண்டு. ரேடியோவில் சொல்லும் எண்ணுக்குச் சீட்டில் மை வைத்து ஆடும் பிங்கோவை ஆடாதவர் கிடையாது. கூண்டைச் சுற்றி, பந்தை எடுத்து, எண்ணைச் சொல்வது நான்தான், லெஸ்டர். இருபது வருடமாக ஊரின் திட்டு முழுவதும் எனக்கே. பந்தையா திட்டுவார்கள்?

செப்டம்பர் முப்பதாம் தேதி ஆட்டம் மட்டும் வேறு மாதிரி. சின்ன வயதில் அரசாங்கத்தால் வீட்டிலிருந்து பறிக்கப்பட்டு உறைவிடப் பள்ளியில் அடைக்கப்பட்டவர்களை நினைத்து, அன்று ஊரே ஆரஞ்சுச் சட்டை போடும். சீட்டு விற்ற பணத்தில் அவர்கள் அந்தப் பழைய பள்ளி நிலத்துக்குச் சேர்ந்து போய்வர பஸ். மிச்சத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிய புத்தகங்கள். இந்த வருடம் முதல் பரிசு, கடைக்காரர் சும்மா கொடுத்த பெரிய ஃப்ரீஸர்.

அதன் மேல் ஃபிளோரன்ஸ் அத்தைக்கு ஒரு கண். எழுபத்து நான்கு வயதில் போன சனிக்கிழமை ஒரு மூஸ் மானைச் சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு ஃப்ரீஸர் உயிரை விட்டது. கறியெல்லாம் அடுத்தவர் வீடுகளில் விருந்தாளியாகக் கிடந்தது.

"ஆக்னஸ் வீட்ல வச்ச கறி ஆக்னஸ் வயித்துலதான் போய்ச் சேரும்" என்று புலம்பினாள். அவள் தோழி ஆக்னஸைத் தெரிந்த யாரும் அதை மறுக்கவில்லை.

ஒரே சிக்கல், அத்தை ஐம்பத்திரண்டுக்கு மை வைக்கவே மாட்டாள். அந்தப் பள்ளியில் அவளுக்குப் பெயர் இல்லை. சட்டையில் தைத்திருந்த இந்த எண்தான், ஆறு வயதிலிருந்து பதினைந்து வரை. போன வருடம் பிள்ளைகள் காரணம் கேட்டபோது அவளே சொன்னாள்: "அந்த நம்பரக் கேட்டா இன்னும் எந்திரிச்சு நிக்கணும்னு காலு துடிக்குது. அதுக்கு நான் ஏன் மை வைக்கணும்?" இந்த வசந்தத்தில் மட்டும் இரண்டு பெரிய ஆட்டங்களை அப்படி விட்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். ரேடியோ நிலையத்தின் வாசலில், வண்டி ரேடியோவில் கேட்டபடி ஆடுபவர்களின் வண்டிகள் நிறைந்திருந்தன. ஜெயித்தவர் ஹாரன் அடிக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். அத்தையின் வண்டி என் ஜன்னலுக்கு நேரே. அரை மணி நேரத்தில் கண்ணாடி வழியாக ஒரு விரலைக் காட்டினாள். கட்டம் நிரம்ப இன்னும் ஒன்றே ஒன்று.

கூண்டைச் சுற்றினேன். வந்தது ஐம்பத்திரண்டு.

அவளுக்கு வேண்டியது அதுதானா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவள் கை எழாது என்பது தெரியும். பந்தைத் திரும்பப் போட்டால் கள்ள ஆட்டம், அதுவும் இந்த நாளில். கேட்காமல் அவள் விஷயத்தை ஊரறியச் சொன்னால் அவள் மனம் நோகுமோ என்று பயமாகவும் இருந்தது. மைக்கை இழுத்துக்கொண்டேன்.

"ஜி வரிசை. ஃபிளோரன்ஸ் பெர்பெச்சுவா மெராஸ்டி. மொய்ஸ், கரோலின் தம்பதியோட மூத்த பொண்ணு."

சீட்டின் ஜி வரிசையில் அது எந்த எண் என்று ஊரில் யாருக்கும் விளங்காமல் இல்லை. அத்தையின் வண்டிக்குள் பக்கத்தில் இருந்த ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மெதுவாகக் குனிந்து சீட்டில் மை வைத்தாள். ஹாரன் அடித்தாள் பாருங்கள், ஏரியில் இருந்த வாத்தெல்லாம் பறந்துவிட்டன.

அடுத்த நிமிடம் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"டேய் லெஸ்டர்! பெர்பெச்சுவான்னு ஒரு பேரு எனக்கு இருக்குன்னு எம்புருஷனுக்கே சொன்னதில்லடா! இப்ப ரேடியோல சொல்லிட்ட!"

"சர்ச் ஞானஸ்நான ஏட்டுல பாத்தேன். கோவமா அத்தை?"

"ஃப்ரீஸர் வரட்டும், அப்புறம் யோசிக்கிறேன்" என்று என் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

அதற்குள் ஃபோன் கிணுகிணுத்தது. ஸ்டான்லி மாமா, அவரும் அந்தப் பள்ளிக்குப் போனவர்.

"நாப்பத்தொண்ணு வந்தா எம்பேரச் சொல்லு."

அடுத்து அவர் தம்பி, வேறு பள்ளியில் படித்தவர்: "டேய், நாப்பத்தொண்ணு நானும்தான்!"

இரண்டாவது ஆட்டம் முழுக்கப் பாதி எண், பாதி பெயர். நாற்பத்தொன்றுக்கு இரண்டு பேரையும் சொன்னேன், யாரை முதலில் சொன்னேன் என்று இன்றுவரை சண்டை. எந்தப் பெயர் எந்தக் கட்டம் என்று தெரியாமல் வண்டிக்கு வண்டி கத்தினார்கள். முடிய இரண்டு மணி நேரம் ஆனது. யாரும் என்னைத் திட்டவில்லை.

அத்தை போகாமல் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதினேழு வந்துச்சா?"

"இல்ல அத்தை, உள்ளயே கெடக்கு. யாரும் அதுக்கு ஃபோனும் பண்ணல."

"பண்ண மாட்டா. அது என் தங்கச்சி செலீன். அவளும் நானும் ஒண்ணா போனோம், நான் மட்டும் வந்தேன்." கூண்டின் கம்பியில் விரலை வைத்தாள். "அவள உள்ள விட்டுட்டு ஒரு தடவ வந்தாச்சு. போதும். எடு அத."

ஆட்டம் முடிந்திருந்தும் கூண்டைத் திறந்து துழாவி எடுத்தேன். மைக்கில் சொன்னேன்: "செலீன் மெராஸ்டி."

வெளியே இருந்த எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. அத்தை ஆரஞ்சுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, பதினேழு இல்லாம நாளைக்கு எப்படி ஆட்டம் நடத்துறது?"

"புதுசு வாங்கிக்க. இவ எங்கூட வீட்டுக்கு வர்றா."

ஃப்ரீஸரைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. பந்தை அவளே எடுத்துப் போனாள்.